கட்டைக் குரல்காரி

ஸ்டுடியோவில் லைட்மேன் முதல் மேக்கப்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'பாப்பா'தான். பத்தொன்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அப்பா பெரிய இயக்குநர். அம்மா அவர் படங்களிலேயே நடித்துக் கொடிகட்டிப் பறந்தவள். மகளின் முதல் படத்தையும் அப்பாதான் எடுத்தார். மழைக் காட்சிக்காக ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் லாரியின் குழாய்க்கு அடியில் நின்று, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அதற்கு அப்பாவிடமிருந்து கிடைத்தது, "ம், ஓகே."

படப்பிடிப்பு முடிந்த மறுவாரம் எடிட்டர் வாய் தவறி உளறிவிட்டார். அவளுக்கு வேறொருத்தி குரல் கொடுக்கப்போகிறாளாம்.

சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். "என் குரலுக்கு என்னப்பா?"

"கட்டையா இருக்கு. நீயும் ஹீரோவும் பேசினா யார் ஹீரோன்னே தெரியாது."

"அழுற சீன்ல மொத்த யூனிட்டும் அழுதுச்சே, அது யார் குரலுக்கு?"

"உங்கம்மாவுக்கு ஒரு படத்துலகூட சொந்தக் குரல் கிடையாது. அவ என்ன குறைஞ்சுபோயிட்டா?"

அம்மா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பாப்பா டப்பிங் தியேட்டரில் நின்றாள். அம்மாவுக்கு ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த அதே அக்காதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க மேல கோபமில்லை. எனக்கு நானே பேசிக்கிறேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கம்மாவும் ஒரு நாள் இதே இடத்துல வந்து நின்னா. உங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"நான் போகமாட்டேன்."

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய் சோபாவில் உட்கார்ந்தார்.

முதல் வசனமே உதட்டோடு ஒட்டவில்லை. இருபத்திரண்டு டேக். சவுண்ட் இன்ஜினியர் பயந்துபோய் அப்பாவுக்கு போன் போட்டார். அரை மணியில் அப்பா வந்து நின்றார்.

"வெளிய வா!"

"இந்த சீன் முடியட்டும்ப்பா." மைக் திறந்திருந்தது. அந்தக் கட்டைக் குரல் ஸ்பீக்கர் வழியாக அறை முழுக்க அதிர்ந்தது.

"படம் ஊத்திக்கிட்டா உன்னாலதான்."

"ஊத்திக்கட்டும். என் மூஞ்சிக்கு என் குரல்தான். திட்டுறவங்க என்னை முழுசாத் திட்டட்டும்."

கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு அம்மா உள்ளே வந்து, இன்ஜினியர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வந்தே?" என்றார் அப்பா.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்பவே இங்கேருந்து போயிருக்கக் கூடாது." இன்ஜினியரிடம் திரும்பினாள். "அடுத்த டேக் போடுங்க."

அப்பா வெளியேறினார். டப்பிங் மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் அம்மா அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

படம் இரண்டு வாரத்தோடு பெட்டிக்குள் போனது. 'தொண்டைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நடிக்கலாம்' என்று எழுதியது ஒரு பத்திரிகை. அதை வாசித்துவிட்டுப் பாப்பா ஒரு பாட்டம் அழுதாள். ஆனால் பேசியதற்காக வருந்தவில்லை. அப்பா இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு புதுமுக இயக்குநர் போனில் வந்தார். "கதாநாயகி பஸ் கண்டக்டர். கத்திக் கத்தித் தேஞ்ச குரல் வேணும். உங்க படத்தை மூணு தடவை பார்த்தேன்."

"அப்பாகிட்ட பேசிட்டீங்களா?"

"எதுக்கு? நடிக்கப்போறது நீங்கதானே?"

பாப்பா கதையைக்கூடக் கேட்கவில்லை. "எப்ப ஷூட்டிங்?" என்றாள்.