ஒரு வரி ட்ரம்பெட்

"இன்னொரு தடவை போலாமா அண்ணா?" என்று மைக்கில் கேட்டுவிட்டு, பாப்பா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

மண்டபத்தில் வாத்தியக்காரர்கள் இசைத்தாளைப் பின்னுக்குத் திருப்பினார்கள். அண்ணன் தலையை மட்டும் அசைத்தான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றி, அதைப் பார்க்காமலே மடித்து உள்ளே வைத்தான். மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையைத்தான் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார்கள். ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, கண்ணாடி மேசையில் கருவிகளைப் பரப்பி, ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி. அதில்தான் அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையில் என்ன ஒட்டியிருந்தது என்று அந்தத் திரையில் தெரியவில்லை.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். தலை நரைக்கத் தொடங்கியும் அது அவளை விடவில்லை. ஒலிப்பதிவுக்காரி என்று தொழிலில் நல்ல பெயர் எடுத்த பிறகும் எல்லோருக்கும் பாப்பாதான். அண்ணனுக்கு இசைக்குழுவில் வைத்த பெயர் வெண்கலம். ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். குழு துணைக்கு வாசிக்க ட்ரம்பெட் தனியாக முன்னால் நிற்கிற பழைய கன்செர்ட்டோக்களை அவன் வாசித்து வெளியான இசைத்தட்டுகளுக்காகவே காத்திருக்கிற ஒரு கூட்டம் இருந்தது. "என் தட்டுல ஒட்டுப்போட்ட சுரம் ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம்" என்று மேடையில் சவால் விடுவான். அது முழு உண்மையில்லை என்பது பாப்பாவுக்குத் தெரியும். ஆனால் ஒட்டியதெல்லாம் ஒரு தடவை வாசித்த அவனுடைய சுரத்தோடு இன்னொரு தடவை வாசித்த அவனுடைய சுரம்தான்.

இந்தத் தட்டுக்கு மூன்று கன்செர்ட்டோ. கிளாசிக்கல் காலத்தது ஒன்று, அதற்கும் முந்திய பரோக் காலத்தது இரண்டு. எல்லாம் முடிந்து, கடைசி பரோக் கன்செர்ட்டோவின் மூன்றாம் பகுதி மட்டும் பாக்கி. அதிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. ட்ரம்பெட் படிப்படியாக ஏறி, குழுவின் சத்தத்தையெல்லாம் தாண்டி, உச்ச சுரத்தில் நின்று படபடக்க வேண்டிய இடம். இதற்குக் கையடக்கமான ஒரு சின்ன ட்ரம்பெட்டை எடுப்பார்கள். சின்னது, அதனால் சுலபம் என்று நினைப்பவர்கள் அதை ஊதிப் பார்க்காதவர்கள்.

குழுவை நடத்துகிறவர் பாப்பாவின் கணவர். மாப்பிள்ளை கண்டக்டர் என்று கல்யாணத்தின்போது சொன்னதற்கு, "எந்த ரூட்?" என்று கேட்ட பெரியப்பா ஒருவர் இருந்தார். இந்த ஒலிப்பதிவு அன்றைக்கோ கண்டக்டருக்குச் சிரிக்க நேரமில்லை. மறுநாள் மண்டபம் வேறு ஆட்களுக்கு. குழுவில் பாதிப் பேர் வெளியூர்க் கச்சேரிக்குப் புறப்படுகிறார்கள். அவர் கையை உயர்த்தினார்.

அண்ணன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். பாப்பா காதில் மாட்டிய ஹெட்போனை இரு கையாலும் அழுத்திக்கொண்டாள். பக்கம் திரும்பியது. ஏறினான். உச்சத்துக்கு ஒரு படி கீழே சத்தம் மெலிந்து, கீறல் விழுந்து, வெறும் காற்றாகப் போனது. குழு ஒவ்வொருவராக நின்றது. வயலின் ஒன்று மட்டும் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"பத்து நிமிஷம் இடைவேளை," என்றார் கண்டக்டர்.

அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு அண்ணி வந்தாள். அவளும் அதே குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவள். இந்தக் கன்செர்ட்டோவில் குழு ட்ரம்பெட்டுக்கு வேலையே இல்லை. ஆனாலும் காலையிலிருந்து கடைசி வரிசையில், மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போது கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொரு தடவைன்னு இனிமே சொல்லாத பாப்பா."

"என்ன ஆச்சு அண்ணி?"

"உதட்டுக்குள்ள தசை கிழிய ஆரம்பிச்சிருக்கு. ஓய்வு எடுக்கலேன்னா முழுசாக் கிழிஞ்சிடும், அப்புறம் ட்ரம்பெட்டை மறந்துட வேண்டியதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குத் தெரியாதுன்னு உங்க அண்ணன் நினைச்சுட்டிருக்கார். துவைக்கப் போட்ட கைக்குட்டையைப் பார்த்துட்டு நான்தான் டாக்டர்கிட்ட போய்க் கேட்டேன்."

"நீங்க நிறுத்தச் சொல்லலாமே."

"சொன்னா நிறுத்துற ஆளா அவர்? நான் சொல்லிட்டேன்னு இன்னும் ரெண்டு தடவை கூட ஊதுவார்."

டிவித் திரையில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தான். ட்ரம்பெட்டின் ஊதுவாயைக் கையில் வைத்துச் சூடுபடுத்திக்கொண்டிருந்தான். எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவன் குடிக்கப் போகவில்லை.

பாப்பா பொத்தானை அழுத்தினாள். "அண்ணா, கேக்குதா? முன்னாடி எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். கிடைச்சிடுச்சு. இனி வேண்டாம்."

அவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். "உச்சமுமா?"

"உச்சமும்தான்."

"எதுல? எல்லாத்துலயும் உடைஞ்ச மாதிரி இருந்துது எனக்கு."

"உனக்கு அங்க நின்னா தெரியாது. மைக்ல நல்லா வந்திருக்கு."

அவனுடைய தொழில் முழுக்க அவள் காதை நம்பித்தான் நடந்திருந்தது. அவள் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. "சரி," என்றான். ட்ரம்பெட்டைத் துடைக்க ஆரம்பித்தான். பாப்பா டிவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்டக்டர் உள்ளே வந்தபோது முகம் இறுகியிருந்தது. "அந்த வரி எதுலயும் இல்ல. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எதை வெச்சு முடிக்கப்போற?"

அவர் அண்ணியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"கேளுங்க தம்பி. கேக்கத்தானே வந்தீங்க," என்றாள் அண்ணி.

"ஒரு வரிதான் அக்கா. உங்களால முடியும்."

"முடியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒருநாள் ஒத்திகைக்கு சீக்கிரம் வந்தேன். நீங்க இதைத் தனியா வாசிச்சுட்டிருந்தீங்க. கதவுக்கு வெளியிலயே நின்னுட்டேன்."

"ஒரு வரிக்காக நான் ட்ரம்பெட்டை எடுக்க மாட்டேன். மூணாம் பகுதியை முதல்லேர்ந்து வாசிப்பேன். உங்களுக்கு வேணும்கிறதை வெட்டி எடுத்துக்குங்க. ஆனா அவர் கேட்டா மறைக்கக் கூடாது. பொய் இன்னையோட போதும்."

கிளாசிக்கல் கன்செர்ட்டோவில் குழு மட்டும் வாசிக்கிற ஓர் இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் அண்ணனிடம் சொன்னார். அண்ணி அதற்கு இருந்தாக வேண்டும், நீங்கள் போய்ப் படுங்கள் மச்சான் என்றார். அண்ணன் தோளில் பையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கை காட்டிவிட்டுப் போனான். அவனுடைய கார் வாசலைத் தாண்டும் சத்தம் கேட்கும்வரை மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. பிறகு அண்ணி தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு, அண்ணன் நின்ற இடத்தில் வந்து நின்றாள். பாப்பா மைக்கைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். அண்ணி அவனைவிடக் குள்ளம்.

அவள் வாசித்ததைப் பற்றிப் பாப்பா பின்னால் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. முதல் சில நொடியிலேயே மேசையில் எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணன் அந்தக் கடைசி வரிமீது படையெடுத்துப் போவான். அண்ணி அதில் ஏறியதாகவே தெரியவில்லை. பேச்சுவாக்கில் குரல் உயர்வதுபோல உயர்ந்து, உச்ச சுரத்தில் நின்று, அங்கே அவசரப்படாமல் படபடத்துவிட்டு இறங்கினாள். முடிந்ததும் வயலின்காரர்கள் பாராட்டாகத் தரையைக் காலால் தட்டினார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "போதுமா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

வெட்டி ஒட்டுகிற வேலையை வீட்டில் வைத்துச் செய்தாள் பாப்பா. ஒட்டு எளிதாக விழவில்லை. இருவருடைய ட்ரம்பெட் ஒலியின் நிறமும் வேறு. அதை ஒருவழியாகச் சரிக்கட்டினாள். அந்த வரிக்கு முன்னால் அண்ணி இழுத்த மூச்சுதான் தொல்லை கொடுத்தது. மூக்கால் சட்டென்று இழுத்து, நடுவில் ஒரு சின்னத் தடங்கலோடு உள்ளே போகிற மூச்சு. அதை வெட்டினால் ஒட்டு பல்லிளித்தது. அண்ணனுடைய மூச்சை எடுத்து வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. கடைசியில் அதை அப்படியே விட்டாள். யார் மூச்சைப் போய்க் கவனிக்கப்போகிறார்கள் என்று கணவரிடம் சொன்னாள். அவரும் ஆமாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணனுக்கு மேலுதடு இன்னும் வீங்கியிருந்தது. வெந்நீர் பட்டுவிட்டது என்றான். ஒருவரும் மறுக்கவில்லை. நால்வரும் அந்தச் சின்ன அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். பாப்பா ஓட விட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கன்செர்ட்டோ ஒவ்வொன்றாகப் போனது. சில இடத்தில் புருவம் சுருங்கியது, சில இடத்தில் விரல்கள் தொடையில் தாமாக அசைந்தன. மூன்றாம் பகுதி வந்தது. பாப்பா சுவரைப் பார்த்தாள். கண்டக்டர் தன் செருப்பைப் பார்த்தார். கடைசிப் பக்கம் திரும்பும் இடம். அந்த மூச்சு.

அண்ணன் கண்ணைத் திறந்தான். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தான். உச்ச சுரம் வந்து போய், குழு முடித்து, அறையில் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியபோதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்பப் போடு," என்றான்.

போட்டாள். மூச்சு வந்ததும், "நிறுத்து," என்றான். "இத்தனை வருஷம் பக்கத்துல படுத்துத் தூங்குறேன். இந்த மூச்சு எனக்குத் தெரியாதா?"

"அண்ணா..."

"கிடைச்சிடுச்சுன்னு சொன்னியே பாப்பா."

"உன் உதடு போயிடும்னு பயந்தேன். நிறுத்துன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

அவன் யோசித்தான். "மாட்டேன்," என்றான். குரல் அவனுடைய வழக்கத்துக்கு மிகவும் தாழ்ந்திருந்தது. "இந்த வரி மட்டும்தான் வாசிச்சாளா?"

பாப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணியே சொன்னாள். "பகுதி முழுசும்."

"போடு, கேக்குறேன்."

"வேண்டாம்," என்றாள் அண்ணி.

"மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுப் பாப்பா போட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடினமான வார்த்தை என்று உறைத்தது.

அண்ணன் கேட்டான். இந்த முறை விரல்கள் அசையவில்லை. முடிந்ததும் எழுந்து, நாற்காலிகளை இடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கண்டக்டர் அவன் பின்னால் போக எழுந்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருங்க தம்பி. இப்ப ஆறுதல் சொன்னா கடிச்சு வெச்சிடுவார்."

அவன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நின்றபடியே சொன்னான். "என்னோடதை எடுத்துட்டு அவளோடதைப் போடுங்க. முதல் ரெண்டு பகுதியையும் அவளை வெச்சே எடுங்க. அது அவ பேர்லயே வரட்டும்."

பாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அண்ணி தலையை ஆட்டினாள்.

"நான் ஒத்துக்கல."

"ஏன்? நல்லா வாசிச்சிருக்க. நான் பொய்யா சொல்றேன்?"

"அது உங்க உதட்டுக்காக வாசிச்சது. உங்களுக்கு முடியலேன்னு காலியான இடத்துல என்னை உக்கார வைக்காதீங்க. நான் வாசிக்கணும்னா என்னை முதல்லயே கேக்கணும். குழு எனக்குன்னு வந்து உக்காரணும்."

"எவ்வளவு நாளா இதை வாசிக்கிற நீ?"

"நீங்க இதை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. நீங்க வெளிய போனதும் எடுப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "வீட்டுல சின்ன ட்ரம்பெட் வாசிக்க ஒரு ஆள் போதும்னு நினைச்சேன். நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்க," என்றாள். அவன் மறுப்பான் என்று பாப்பா காத்திருந்தாள். அவன் மறுக்கவில்லை.

இசைத்தட்டு இரண்டு கன்செர்ட்டோவோடு வெளிவந்தது. மிச்ச இடத்தைக் குழு மட்டும் வாசித்த ஒன்றை வைத்து நிரப்பினார்கள். கம்பெனிக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அண்ணன் மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தான். ஆறு மாதம் ஊதக் கூடாது என்று தடை. வேலையில்லாத கையோடு வீட்டையே சுற்றிச் சுற்றி வந்து, அலமாரிகளைத் திறந்து மூடி, எல்லோரையும் படுத்தி எடுத்தான். பாப்பா போன் செய்தால் "ம்" என்பான். சில சமயம் அதுவும் இல்லாமல் போனை அண்ணியிடம் கொடுத்துவிடுவான். அந்த "ம்" ஒரு வாக்கியமாக வளர வெகுநாள் ஆனது. உதடு ஆறியது. பெரிய ட்ரம்பெட்டில் பழைய அண்ணனாகவே வாசித்தான். சின்ன ட்ரம்பெட்டின் அந்த உயரம் மட்டும் திரும்பவில்லை. அவனும் அதைத் தேடிப் போகவில்லை.

அடுத்த வருஷம் கண்டக்டர் அண்ணியை அழைத்தார். போனில் கேட்டபோது பிடி கொடுக்கவில்லை. நேரில் வந்து, குழுவின் முன்னால் வைத்துக் கேட்ட பிறகுதான் சரி என்றாள். மூன்று பரோக் கன்செர்ட்டோவை ஒலிப்பதிவு செய்தார்கள். பாப்பாதான் மேசையில். அண்ணன் ஒருநாளும் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். அத்தனை பல் யாருக்கும் கிடையாது என்று தெரிந்தும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ஒலிப்பதிவு முடிந்த வாரம் பாப்பா வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற நேரத்தில் அண்ணன், "எடுத்தது இருக்கா? போடு பார்க்கலாம்," என்றான். பாப்பா கணவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். போட்டாள். அண்ணி சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

முழுவதும் கேட்டுவிட்டு அண்ணன் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"மூணாம் பகுதில எதுக்கு இவ்வளவு வேகம்? யாராவது துரத்துறாங்களா உன்னை?"

குழாய் நின்றது. "அது அப்படித்தான் போகணும்."

"யார் சொன்னது?"

"எழுதினவரே எழுதி வெச்சிருக்கார். தாளைப் பாருங்க."

"அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம் ஆச்சு. இங்க நான் உயிரோட உக்காந்திருக்கேன்ல?"

"உயிரோட இருக்கறவங்க சொல்றதெல்லாம் கேக்கணும்னா நான் ஒரு சுரம்கூட வாசிச்சிருக்க முடியாது," என்று ஈரக் கையைத் துடைத்தபடியே அண்ணி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் மேசையில் தாளம் தட்டிக் காட்டினான். அவள் அதைவிட வேகமாகத் தட்டிக் காட்டினாள். கண்டக்டர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைச் சொல்லி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பாப்பா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து பரிமாற அவளுக்கு மனம் வரவில்லை.