ஒன்பதாம் கட்டத்தில் மோதிர விரல்

அக்காவுக்கு நோய் வலக்கை மோதிர விரலில் தொடங்கியது. அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. சட்டைப் பொத்தானைப் போடும்போது அந்த ஒரு விரல் மட்டும் சற்றுத் தாமதமாக வந்தது. தூக்கம் போதவில்லை என்று அவள் தள்ளிவிட்டாள். மூன்று ஆண்டுகளில் அந்தக் கையால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் போயிற்று. நோய் உடன்பிறந்தவர்களுக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். இரண்டையும் அவர் ஒரே குரலில் சொன்னார்.

எனக்கு அடுத்த மாதம் நாற்பத்தொன்று.

கிதார் வாங்கியதற்கு வீட்டில் நான் சொன்ன காரணம் பொழுதுபோக்கு. என் வேலை பல்செட் செய்வது. நாள் முழுவதும் மெழுகில் பல் செதுக்குகிறவனுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா என்றேன். அது பொய். ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்பில் தந்திகளை மீட்டப் பிளாஸ்டிக் வில்லை எதுவும் கிடையாது, விரல்கள்தான். கட்டை விரல் தடித்த தந்திகளில் நடை போடும். சுட்டு விரலும் நடு விரலும் இடைவெளிகளை நிரப்பும். மோதிர விரல் மெல்லிய முதல் தந்தியில் மெட்டைத் தனியே எடுத்துச் செல்லும். மோதிர விரலை இவ்வளவு கறாராகத் தனியே வேலை வாங்கும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. நாள்தோறும் காலையில் அதை விசாரித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

நான் எடுத்துக்கொண்ட பாட்டு முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் கொண்டது. முதல் எட்டுக் கட்டங்கள் ஆறு வாரத்தில் வந்தன. ஒன்பதாம் கட்டத்தில் மோதிர விரல் அடுத்தடுத்து மூன்று முறை தந்தியைத் தொட வேண்டும். மூன்றாம் முறை அது தாமதமாக வந்தது.

கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோமின் வேகத்தை எழுபத்திரண்டிலிருந்து அறுபதுக்குக் குறைத்தேன். பிறகு ஐம்பதுக்கு. பிறகு நாற்பத்து நான்குக்கு. வேகம் குறையக் குறையத் தாமதம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"என்னங்க, ஒன்பதாவது மாடியிலேயே லிஃப்ட் நின்னுபோச்சா?" என்றாள் மனைவி, தலையைத் துவட்டியபடி. "எதிர்வீட்டு அம்மா கேக்கறாங்க, இதுக்கு மேல பாட்டு இருக்கா, இவ்வளவுதானான்னு."

"இருக்கு. சரிபண்ணிட்டு இருக்கேன்."

"கை வலிக்குதா?"

"இல்ல."

அது உண்மை. வலி இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அக்காவுக்கும் தொடக்கத்தில் வலி இல்லை.

அந்த வாரம் வேலையிடத்தில் ஒரு கடைவாய்ப்பல்லின் முகட்டைக் கைதவறிச் சீவிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் அதை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார். "தலைவரே, இது யாரோட பல்லு? மனுஷனுக்குத்தானா?" நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, மோதிர விரல் நுனியால் கட்டை விரலைப் பத்து முறை தொட்டேன். ஏழாவது தொடுகை மெதுவாக இருந்ததுபோல் தோன்றியது. மறுபடி பத்து. இம்முறை நான்காவது. வெளியே யாரோ கதவைத் தட்டும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்காவைப் பார்க்கப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். "உன் பொண்டாட்டி சொன்னா, கிதார் கத்துக்கறியாமே. எடுத்துட்டு வா."

மறுக்கக் காரணம் தேடினேன்; ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலக்கை மடிமேல் கிடந்தது, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"வேலை இருந்துச்சுக்கா. நெறைய வேலை."

"ஏன், ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்லு கொட்டிருச்சா?" என்றவள், என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "சரி, வாசி."

எட்டுக் கட்டங்களை வாசித்தேன். ஒன்பதில் மூன்றாம் ஒலி பின்தங்கியது. நிறுத்தினேன். அக்காவின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"அந்த எடத்தை மட்டும் மறுபடி வாசி."

வாசித்தேன். நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து என் கையையே பார்த்தாள்.

"டேய், சுண்டு விரலை ஏன் ஆணி அடிச்ச மாதிரி வெச்சிருக்க?"

குனிந்து பார்த்தேன். என் சுண்டு விரல் கிதாரின் பலகையில் நுனி வெளுக்க ஊன்றியிருந்தது. மெழுகு செதுக்கும்போது சுண்டு விரலை அச்சின்மேல் ஊன்றிக்கொள்ளாவிட்டால் கத்தி வழுக்கும். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் செதுக்குகிறேன். கிதாரிலும் அது தானாகவே ஊன்றிக்கொண்டிருக்கிறது. தனியே உட்கார்ந்து கற்றவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

"எனக்குக் கைப்பயிற்சி சொல்லித்தர வருமே ஒரு பொண்ணு, அவ ஒருநாள் சுண்டு விரலை மேசையில அழுத்திப் பிடிச்சுட்டு மோதிர விரலை மட்டும் அசைக்கச் சொன்னா. என்னால முடியல, அழுதேன். அப்புறம் பார்த்தா அவளுக்கே சரியா வரல. ஒண்ணைக் கட்டிப்போட்டா இன்னொண்ணு நொண்டத்தான் செய்யும், யாருக்கும் அப்படித்தான்னா. எடு அதை."

எடுத்தேன். ஊன்ற இடமில்லாமல் கை அந்தரத்தில் நின்றது. ஒன்பதாம் கட்டத்தை வாசித்தேன். மூன்றாம் ஒலி தன் நேரத்துக்கு வந்தது. மறுபடியும் வந்தது. ஐந்தாம் முறை வந்தபிறகு கிதாரின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"இதை நெனச்சுத்தான் இந்தப் பக்கமே வரலியா?" என்றாள் அக்கா.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நீ வராத ஒவ்வொரு வாரமும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? உனக்கும் வந்துருச்சு, எங்கிட்ட மறைக்கறன்னு."

"இல்லக்கா."

"இப்போதைக்கு இல்ல." சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மேல வாசி. அதுக்கப்புறம் எப்படிப் போகுது?"

பத்தாம் கட்டத்தை நான் அதுவரை தொட்டதில்லை. தாளைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். இரண்டாம் அடியில் மோதிர விரல் தடுமாறியது. அக்காவின் பார்வை என் முகத்துக்கு வந்து கைக்குத் திரும்பியது.

"புதுசு. இன்னும் பழகல," என்றேன்.

"ஆமா. புதுசுதானே."

அந்த இடத்தை மறுபடி வாசிக்கும்படி அவள் சொல்லவில்லை. நானும் வாசிக்காமல் பதினொன்றுக்குப் போனேன்.