முப்பத்தெட்டாவது சீட்டு

இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவனிடம் ஒரு சீட்டையும் பேனாவையும் கொடுத்து, 'யாருடைய வாதம் வலுவாக இருந்தது?' என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? மார்க் போடுவான். நானும் அதைத்தான் செய்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அது 2009. டார்வின் பிறந்து இருநூறு வருடம் ஆகிவிட்டதென்று அங்கங்கே கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'படைப்பா, பரிணாமமா?' என்று விவாதம் வைத்தார்கள். படைப்புக்காகப் பேசச் சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார். பரிணாமத்துக்காகப் பேச, ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் சபாநாயகம். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் சபையிலிருந்து மினி பஸ் பிடித்து முப்பத்தெட்டுப் பேர் போனோம்.

என் பெயர் தங்கராசு. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். சபைக்குச் செயலாளர், ஞாயிறு பள்ளிக்குக் கண்காணிப்பாளர். வாரத்தில் ஐந்து நாள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரிணாமம் நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு நாளில் உலகம் உண்டான கதையைச் சொல்வேன். நடுவில் சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததால் இரண்டும் இடித்துக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன அந்த விவாதத்தைச் சனிக்கிழமையில் வைத்துவிட்டார்கள்.

பஸ் கிளம்புமுன் ஆயர் ஜெபம் செய்தார். செய்துவிட்டு, "கூட்டம் முடிஞ்சதும் ஆளுக்கொரு சீட்டு குடுப்பாங்க. எங்க டிக் போடணும்னு ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

வழியில் குறிஞ்சிப்பாடியில் என் மனைவி ஜெயராணியின் தம்பி எழிலன் ஏறிக்கொண்டான். அவனும் எங்கள் சபைதான்; அவனையும் சேர்த்துத்தான் முப்பத்தெட்டுப் பேர். எம்.எஸ்ஸி. தாவரவியல், பி.எட். முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை இல்லாமல் இருந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் சின்னம்மாள் அங்கன்வாடியில் ஆயா வேலை பார்த்து அவனைப் படிக்கவைத்தார். அப்போதுதான் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாகி, வருகிற வாரம் வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 'இவர் சபையில் நல்ல நிலையில் இருக்கும் அங்கத்தினர்' என்று ஆயர் கைப்பட எழுதிய கடிதம் கொண்டுபோக வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள். திங்கட்கிழமை எழுதித் தருவதாக ஆயர் சொல்லியிருந்தார்.

பிரசங்கியாருக்கு அபாரமான குரல். மைக் இல்லாவிட்டாலும் கீழவீதி வரை கேட்டிருக்கும். "கொரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா, பிச்சாவரத்துல இருக்கிற கொரங்கு மட்டும் இன்னும் ஏன் கொரங்காவே இருக்குது?" என்று கேட்டார். மண்டபமே கைதட்டி அதிர்ந்தது. என் வகுப்பில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் சுழித்துவிட்டுப் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன்.

சபாநாயகம் மெலிந்த மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, "எனக்கும் என் சித்தப்பா பிள்ளைக்கும் தாத்தா ஒருத்தர்தான். நான் பொறந்துட்டேங்கறதால அவன் ஏன் இன்னும் இருக்கான்னு யாராவது கேப்பாங்களா? குரங்கு நமக்கு சித்தப்பா பிள்ளை மாதிரி, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "கடவுள் இருக்காரா இல்லையான்னு பேச நான் வரலை. காலைல கோயிலுக்குப் போயிட்டுத்தான் வரேன். செடி எப்படிச் செடியாச்சுங்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச விஷயம்" என்றார்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாதர் சங்கத் தலைவி மங்கலம், "விபூதி பூசிக்கினு வந்து பேசறாரு பாரு. அவருக்கே அவரு பேசறதுல நம்பிக்க இல்ல" என்று ஜெயராணியிடம் சொன்னார். ஜெயராணி தலையாட்டினாள்.

கூட்டம் முடிந்து சீட்டு வந்தது. இரண்டு கட்டம். மேலே அந்தக் கேள்வி. எது உண்மை என்று கேட்கவில்லை, எதை நம்புகிறாய் என்று கேட்கவில்லை. யாருடைய வாதம் வலுவாக இருந்தது என்றுதான் கேட்டிருந்தார்கள். கை தானாகப் போய்ப் 'பரிணாமம்' என்ற கட்டத்தில் டிக் போட்டது. மடித்த பிறகுதான் ஆயர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சீட்டுதானே, ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் மொத்தமாகச் சேர்த்துத்தான் கொடுப்போம். மணியடித்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சாமிக்கண்ணு ஒரு மஞ்சப்பையை விரித்துக்கொண்டு வரிசையாக வந்து எங்கள் சீட்டுகளை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் நேரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மனுஷன் தூணுக்குப் பின்னால் போய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். முப்பத்தேழைக் கொடுத்துவிட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களைப் போல இன்னும் நாலு சபைகள் பஸ் வைத்து வந்திருந்ததால் படைப்பு ஜெயித்தது. என் சீட்டு எண்ணப்படவே இல்லை.

திரும்பும் வழியில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். புவனகிரி தாண்டியதும் ஆயர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் அந்தச் சீட்டு இருந்தது.

"நம்ம பஸ்சுல வந்த ஒருத்தரு எதிர்ப்பக்கம் போட்டிருக்காங்க. யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. அவுங்களாவே கையைத் தூக்கட்டும்."

என் கை மடியிலேயே கிடந்தது. தூக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். 'ஐயா, கேள்வி அப்படி இருந்தது' என்று ஒரு வரி சொன்னால் போதும். பக்கத்தில் ஜெயராணி. எதிரில் என்னிடம் ஞாயிறு பள்ளி படித்து வளர்ந்த பிள்ளைகள். அதற்குள் மங்கலம் திரும்பி எழிலனைப் பார்த்தார். அவர் பார்த்ததும் ஒவ்வொருவராக எல்லோரும் பார்த்தார்கள். காரணம் இருந்தது. சபாநாயகம் எழிலனுக்குக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கூட்டம் முடிந்ததும் மேடை ஓரம் போய் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தான் எழிலன்.

"நான் போடலைங்க ஐயா" என்றான் எழிலன்.

ஆயர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குறிஞ்சிப்பாடியில் அவன் இறங்கும்போது யாரும் போய் வா என்று சொல்லவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கோழை என்று என்னை யாரும் திட்ட வேண்டாம். நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாகிவிட்டது.

திங்கட்கிழமை எழிலனுக்குக் கடிதம் கிடைக்கவில்லை. தப்பைச் சபை முன்னால் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் எழுதித் தருகிறேன் என்று ஆயர் சொல்லிவிட்டாராம். அதற்காகவே புதன்கிழமை மாலை ஜெபக் கூட்டத்தில் நேரம் ஒதுக்குவதாகவும் சொன்னாராம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மந்தையில் ஒன்று வழிதவறிவிட்டது என்று நிஜமாகவே தூங்காமல் இருந்தார். வழிதவறியது எது என்பதில்தான் தவறிவிட்டார்.

ஜெயராணி அழுதுகொண்டே இருந்தாள். "போயி பேசுங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றாள். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்வரைகூட அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

எழிலன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"சத்தியமா நான் போடல மாமா. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்டா."

"அப்ப போதும்" என்றான். முகம் அப்படித் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "நான் நம்பி என்ன ஆவப் போவுது மச்சான்? லெட்டர் குடுக்க வேண்டியது அவரு. போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். அஞ்சு நிமிஷ வேல. வெள்ளிக்கெழம இன்டர்வியூ. ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கு. அம்மாவ நெனச்சுப் பாரு."

அவன் பம்பைக் கீழே வைத்தான். "கோயில்ல பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டான்.

"ஆண்டவருக்கு உண்மை தெரியும்டா" என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

புதன்கிழமை அவன் சபை முன்னால் முழங்கால் போட்டான். "சீட்டு நான்தான் போட்டேன். என்ன மன்னிச்சிடுங்க" என்றான். இப்படி யாராவது திரும்பி வரும்போது, வந்தவர் தலையில் சபைச் செயலாளர் கைவைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். செயலாளர் நான்தானே. அவன் தலையில் கைவைத்தேன். எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தான். 'உம்முடைய பிள்ளையின் பாவத்தை மன்னியும்' என்று கணீரென்று ஜெபித்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. மங்கலம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கடிதம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஒரு மாதம் போன பிறகு எழிலன் என் வீட்டுக்கு வந்தான். ஜெயராணி மார்க்கெட் போயிருந்தாள். காபி கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க மாமா. திருவிருந்துக்கு வர கால் வரமாட்டேங்குது. பொய் சொல்லிட்டு அந்த அப்பத்தையும் ரசத்தையும் எப்படி வாங்கறது?"

"அத நான்தானே சொல்லச் சொன்னேன்."

"அது ஒண்ணு. அதுக்கு முன்னாலயே ஒண்ணு இருக்குது. சபாநாயகம் சாரு பேசினதுதான் வலுவா இருந்துச்சு. அது தெரிஞ்சும் ஐயா சொன்னாரேன்னு படைப்புக்குப் போட்டேன். அன்னிக்கு அந்தப் பஸ்சுல எவன் பரிணாமத்துக்குப் போட்டானோ அவன் ஒருத்தன்தான் மாமா பொய் சொல்லல."

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான்டா போட்டேன்" என்றேன்.

அவன் காபியைக் கீழே வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழ ஆரம்பித்தேன்.

"இத ஞாயித்துக்கெழம சபையில சொல்லிடுவீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான். "எனக்காக இல்ல. எனக்கு வேல கெடச்சிடுச்சி. நான் செய்யாதத செஞ்சதா அம்மா நம்பிக்கினு இருக்காங்க. அதுதான் ஒருமாரி இருக்குது."

"சொல்றேன்டா. இந்த ஞாயித்துக்கெழமயே சொல்றேன்."

மூன்று வருடம் ஆகிறது. இது 2012. அவன் ஜெயராணியிடம் சொல்லவில்லை, ஆயரிடம் சொல்லவில்லை, பெற்ற தாயிடம் சொல்லவில்லை. சின்னம்மாள் என்னை எங்கே பார்த்தாலும், வழிதவறிய பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவன் என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். எழிலன் ஒவ்வொரு வாரமும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறான். திருவிருந்துக்கு நான் எழுந்து போவேன். அவன் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான்.

பிரசங்கம் முடிந்ததும், மனதில் உள்ளதை யாரும் சபை முன்னால் எழுந்து சொல்லலாம் என்று நேரம் கொடுத்து, ஆயர், "சாட்சி சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். முதல் வருடம் முழுக்க, அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் எழிலன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பான். இப்போது பார்ப்பதில்லை.