விளக்குக் கடைக்காரர் கொடுத்த பெட்டிகள்

என் மனைவிக்கு ஒருவன் பூ வாங்கிக் கொடுத்தால் சட்டையைப் பிடிக்கலாம். நகை வாங்கிக் கொடுத்தால் ஊரைக் கூட்டலாம். காலி அட்டைப் பெட்டி கொடுக்கிறவனை என்ன செய்வது? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். என் தம்பியிடம் சொன்னேன், சிரித்தான். அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கினேன்.

என் மனைவி இணையத்தில் ஏலம் விட்டுச் சாமான் விற்கிறவள். வீட்டைக் காலி செய்கிறவர்களிடமும் பழைய சாமான் சந்தையிலும் பீங்கான், கண்ணாடி என்று எதையாவது வாங்கி வருவாள். படம் எடுத்துப் போடுவாள். ஏழு நாள் ஏலம். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பார்சல் போகும். மூன்று வருஷத்தில் முந்நூறு பார்சலுக்கு மேல் அனுப்பிவிட்டாள், ஒன்றுகூட உடைந்ததாகப் புகார் இல்லை. ஏலத் தளத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் நூற்றுக்கு நூறு என்று போட்டிருக்கும். அதைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே மாறிவிடும்.

பெட்டியைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது அவள் கொள்கை. "பெட்டிக்கும் பபிள் ஷீட்டுக்கும் காசு குடுத்தா லாபம் பூரா பேக்கிங்லயே போயிடும். அப்புறம் நான் வியாபாரியா, அட்டைக் கம்பெனிக்கு வேலைக்காரியா?" என்பாள். அதனால் கடை கடையாக ஏறி இறங்குவாள். மருந்துக் கடைப் பெட்டி சுத்தமாக இருக்கும், ஆனால் சின்னது. செருப்புப் பெட்டி மெல்லிசு. புத்தகக் கடைப் பெட்டி உறுதி, ஆனால் கடைக்காரருக்குக் கொடுக்க மனசு வராது. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் விளக்குக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். தபால் நிலையத்துக்கு எதிரே கடை. மேசை விளக்கு, தொங்கு விளக்கு, கண்ணாடிக் கூண்டு எல்லாம் அவருக்கு வெளியூரிலிருந்து வரும். கண்ணாடி என்பதால் ரெண்டடுக்கு அட்டை, உள்ளே சுருள் சுருளாகப் பபிள் ஷீட், மூலைக்கு மூலை நுரைத் துண்டு. அதையெல்லாம் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த மனிதர், என் மனைவி ஒருநாள் போய்க் கேட்டதிலிருந்து போடுவதை நிறுத்திவிட்டார். பெட்டிகளைத் தட்டையாக மடித்து, கயிற்றால் கட்டி, மேலே பென்சிலால் அளவு எழுதி எடுத்து வைக்கிறார். நீளம், அகலம், உயரம். குப்பைக்குப் போகிற பெட்டிக்கு எவனாவது அளவு எழுதுவானா?

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பெட்டியின் மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். "பாருங்க, அமுங்கவே மாட்டேங்குது" என்பாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாண நாளுக்கு நான் தோல் கைப்பை வாங்கிக் கொடுத்தபோது "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அலமாரியில் வைத்தவள் இவள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பால் போடுகிறவர் அவளுக்கு அண்ணன். குழாய் ரிப்பேர் செய்பவர் அண்ணன். பார்சல் எடை போடும் தபால்காரர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவரும் அண்ணன். இந்த ஆள் மட்டும் 'சார்'.

"அண்ணேன்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரை?"

"உன் விளக்குக் கடைக்காரரை."

"அவரு படிச்சவரு மாதிரி இருக்காரு, அதான் சார்னு வந்துடுச்சு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

ஒரு 'அண்ணே' போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எனக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு எண்பது வாசல். கடைகளின் பின்பக்கம் எனக்குத் தெரிந்த அளவு கடைக்காரர்களுக்கே தெரியாது. பெட்டி பொறுக்குவது என்ன பெரிய வித்தை என்று நானும் இறங்கினேன். முதல் நாள் காய்கறி மொத்தக் கடைக்குப் பின்னாலிருந்து ஐந்து பெட்டி. அவள் மூக்கைச் சுளித்தாள். "வெங்காய வாசனைங்க. வாங்குறவங்க பெட்டியத் திறந்தா முதல்ல அதுதான் வெளிய வரும்." அடுத்த நாள் பேக்கரி. ஒரு பெட்டியின் மடிப்பைப் பிரித்து, உள்ளே வரிசையாக ஒட்டியிருந்த கரப்பான் முட்டையைக் காட்டினாள். மூன்றாம் நாள் கொண்டுவந்தது மழையில் நனைந்து காய்ந்தது. அழுத்திப் பார்த்தாள், விரல் உள்ளே போய்விட்டது.

"நீங்க எதுக்குங்க சிரமப்படுறீங்க?" என்றாள். "அதான் விளக்குக் கடை இருக்கே."

அந்த 'அதான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே பேக்கிங் சாமான் விற்கும் கடைக்குப் போய் ரெண்டடுக்குப் பெட்டி இருபது வாங்கினேன். புத்தம் புதுசு. ஒரு சுற்றுச்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். மேலே ஏறி மிதித்தேன். பேனாவால் ஏதோ ஒரு முகவரி எழுதி அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"எங்க கிடைச்சுது?" என்று கேட்டாள்.

"மீட்டர் ஸ்டோர்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். புது மீட்டர் வர்ற பெட்டி. சும்மாதான் குடுத்தான்."

மூலையை அழுத்தினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல பெட்டி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் பபிள் ஷீட்டுக்காக அவள் அங்கே போவது நிற்கவில்லை. போனால் வெறும் ஷீட்டோடு வருகிறாளா, பெட்டியும் சேர்ந்து வருகிறது. கூடவே கால் மணி நேரப் பேச்சு. பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் வேலை முடிந்து நேரே அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

"சார், உங்ககிட்ட பெட்டி வாங்குறாங்களே என் மிசஸ், அவங்க ஏலத்த நிறுத்திட்டாங்க. இனிமே பெட்டி எதுவும் எடுத்து வைக்க வேண்டாம்."

அவர் கையிலிருந்த பல்பை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்படியா? உடம்பு ஏதும் சரியில்லையா சார்?"

"அதெல்லாம் இல்ல. நேரமில்ல."

"அடடா. ரொம்ப ஆசையா பண்ணிட்டிருந்தாங்களே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மனசுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கம் ஆறு நாள். ஏழாம் நாள் காலையில் ஏதோ ஒரு பீங்கான் சாமான் ஏலம் முடிந்தது. அவள் இதுவரை பார்க்காத விலை. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பியாகணும். நீங்க கொண்டுவந்த பெட்டியில இது அடங்காது. இதுல ஒண்ணு உடைஞ்சாலும் என் நூத்துக்கு நூறு போச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். எனக்கு அன்று விடுமுறை. எங்கே போகிறாள் என்று தெரியும். தடுக்க வாயெடுத்தேன், என்ன சொல்லித் தடுப்பது? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் ஏலத்த நிறுத்திட்டேனாமே" என்றாள்.

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களான்னு அவரு கேட்டாரு. இல்ல சார், நிறுத்தினது நிறுத்தினதுதான், சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன? என் வீட்டுக்காரர் பொய் சொல்லியிருக்காருன்னு கடையில நின்னு சொல்லச் சொல்றீங்களா?"

கத்தியிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகப் பேசினாள்.

"நான் மீட்டர் ஸ்டோர்ல கேட்டு ஒரு பெரிய பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"டேப் ஒட்டிக் கிழிச்ச தடம் இல்லாத பழைய பெட்டிய நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்றாள். "முதல் நாளே தெரியும். தேய்ச்சுத் தேய்ச்சு உங்க விரலெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன். எதுக்கு இதெல்லாம்?"

குட்டு உடைந்த பிறகு என்ன மானம். "பொறாமை" என்றேன். "அந்த ஆளு மேல. அந்தப் பெட்டி மேல. நீ அதைப் பார்த்துப் பூரிச்சுப் போறதுமேல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அதை அவர்கிட்டயே போய்ச் சொல்லிட்டுப் பெட்டி வாங்கிட்டு வாங்க. நான் இனிமே அங்க போக முடியாது. தபால் ஆபீஸ் எதிர்லயே இருக்கு, பார்சலத் தூக்கிட்டு அந்தத் தெருவுல நடக்கக்கூட முடியாது. அப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க."

நான் போனபோது கடையில் வேறு ஆள் இல்லை. படியேறின வேகத்திலேயே சொல்லி முடித்துவிட்டேன். "சார், அவங்க நிறுத்தல. நான்தான் பொய் சொன்னேன். நீங்க அவங்களுக்குப் பெட்டி குடுக்கறது எனக்குப் பிடிக்கல. இப்ப ஒரு பெட்டி வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை விட்டிருப்பேன். அவர் பின்னறைக்குப் போய் விளக்கைப் போட்டார். சுவரோரம் நாலு கட்டு நின்றது, பென்சில் எழுத்தோடு.

"வேண்டாம்னு நீங்க சொன்னீங்க. கை பழகிடுச்சு, குப்பையில போட மனசு வரல" என்றார். "எந்த அளவு வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. "பெரிசா" என்றேன்.

"என்ன சார் அனுப்பறாங்க?"

"பீங்கான்."

"பீங்கான்ல என்ன?"

நான் ரெண்டு கையையும் விரித்து ஏதோ ஒரு அளவு காட்டினேன்.

"போன மாசம் ஒரு டீ செட் வாங்கப் போறதா சொன்னாங்க" என்றார். "நீலப் பூப் போட்டது. டீ பாட்டுக்கு மூக்கு நீளமா இருக்கு, அதை எப்படி அனுப்பறதுன்னு ஒரே கவலை. அதுவா?"

எங்கள் அலமாரிக்கு மேல் ஒரு மாதமாகப் போர்வையால் மூடி எதுவோ இருக்கிறது. தினமும் அதன் கீழே நின்றுதான் சட்டையை மாட்டுகிறேன். "தெரியல சார்" என்றேன். இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை.

அவர் ஒரு பெரிய பெட்டியும், அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு சின்னதும், கை நிறையப் பபிள் ஷீட்டும் எடுத்துக் கொடுத்தார். வழியெல்லாம் வயிறு எரிந்தது. அதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அவரிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் ஆத்திரம் வந்தது. நீ கேட்டாயா என்று ஒரு கேள்வியும் கூடவே வந்தது. மூன்று வருஷத்தில், முந்நூறு பெட்டியில், ஒரு பெட்டிக்குள் என்ன போகிறது என்று நான் கேட்டதில்லை.

அவள் டேப்பையும் கத்திரிக்கோலையும் தரையில் எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவரு என்ன கேட்டாரு?"

"நீ என்ன அனுப்புறன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன்." பெட்டிகளைக் கீழே வைத்தேன். "காட்டு."

அவள் எழுந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, போர்வையை விலக்கினாள். நீலமாகத்தான் இருந்தது.