அமுதவள்ளியைத் திக்கவைத்தேன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு கௌரவமான காரணம் தேடிப் பார்த்தேன், வாசகரே. உங்களிடம் எடுபடாது.

பக்கத்து வீட்டு முனீஸ்வரியின் மகள் அமுதவள்ளிக்கு எட்டு வயது. பிறந்த வாரமே மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்கசிவு. பேச்சு வருவது கஷ்டம் என்றார்கள். இன்று போடி சந்தையே வாய் பார்க்கும்படி பேசுகிறாள். வலது கை மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஏலக்காய் வியாபாரியான என் கணவர் ராஜாராமுக்கும் அதே இடப்பக்கத்தில்தான் ரத்தக்குழாய் அடைத்தது, ஐம்பது தாண்டிய பிறகு. இரண்டு வருடமாக ஒரு சொல் இல்லை.

(டாக்டர் சொன்னது: பச்சைக் குழந்தைக்கு இடப்பக்கம் அடிபட்டால், வலப்பக்கம் பேச்சை ஏற்றுக்கொள்ள முடியும். வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு லேசில் நடக்காது. தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தப் பிள்ளையை நினைத்து வயிறு எரிந்தது.)

2

முதல் தொடக்கம்: ‘குரங்கணி மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில், அவள்...’

போதும். மேகத்துக்கும் என் வயிற்றெரிச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் வரைவில் அமுதவள்ளியைத் திக்கவைத்தேன். ‘அ... அத்... அத்தே...’ என்று எழுதியபோது வெட்கமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது. அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

இனி, நடந்தது. ராஜாராம் இடக்கையால் ஏலக்காயை எடுப்பார், உற்றுப் பார்ப்பார், முகர்வார், தரையில் எறிவார். நோயின் கோபம் என்று நினைத்து ஏலக்காய் டப்பாவையே ஒளித்துவைத்திருந்தேன். நேற்று பாயசத்துக்கு எடுத்து வைத்த காய் அவர் கையில் சிக்கிவிட்டது. அமுதவள்ளியும் அங்கே இருந்தாள்.

“என்னங்க இது? பெருக்கிப் பெருக்கி என் இடுப்பே போச்சு!”

“ஏன் அத்தே மாமாவ வையிறீக? அவரு சாம்பிளு பாக்குறாரு. ஏலம் போடுற எடத்துல பாத்த காயக் கீழதான போடுவாக. எங்கம்மா அங்கதான கூட்டுது.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த இடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை.

அவள் தரையில் கிடந்த காயை ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினாள். “அடுத்த லாட்டு வந்துருச்சு மாமா, வெரசா பாருங்க!”

முகர்ந்தார். எறிந்தார். சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பேச்சுதான் அவளுக்குக் கிடைத்தது என்றால், இந்தச் சிரிப்புமா?

4

முடிவுகள். (அ) ராஜாராம் பேசிவிடுகிறார். பொய். (ஆ) நான் மனம் மாறி அவளைக் கட்டிக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய பொய். (இ) அவள் இனிமேல்...

வாசலில் சத்தம்.

“அத்தே, கதவத் தொறங்க! மாமாவுக்குக் காயி கொண்டாந்துருக்கேன்!”

ராஜாராம் கதவைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார், கெஞ்சுகிற மாதிரி. என்னிடம் எதற்கும் கெஞ்சாத மனுஷன்.

எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தேனா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் உங்களைத் தவிர மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர் ஒருவர் இருந்தால், மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.