ஆடி கழியட்டும்

கீழ்வானில் கதிரவன் எழ, மயிலையின் மாட வீதிகளில் பூக்காரியர் கூடைகளை இறக்க, சித்திரக்குளத்துப் படிகளில் நீராடியோர் ஈர ஆடையுடன் கரையேற, கேசவப் பெருமாள் கோயிலின் மணியோசை கடற்காற்றில் கலந்து தேய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டின் ஆவணி முதல்நாள் புலர்ந்தது. கற்றறிந்தோரே, நன்னாள் என்று ஊரே மகிழ்ந்த அக்காலையில் குளத்தருகே ஒரு வீட்டில் வெளிப்பட்ட கொடுமையை நான் அமைதியாகச் சொல்வேன் என்று எதிர்பாராதீர்.

அவ்வீட்டு மருமகள் சூடாமணி, இசை பயிற்றும் ஆசிரியை, தன் முதற்கருவைச் சுமந்து இருபது வாரங்களை அப்போதுதான் கடந்திருந்தாள். கருவின் வளர்ச்சியில் ஐயுற்றுப் பனிக்குட நீரை ஆய்வுக்கு அனுப்பிய மருத்துவர் கைசர் ஜஹான், "இருபது வாரம் தாண்டினா சட்டம் விடாதும்மா. கலைக்கிறதா, பெத்துக்கிறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். கடிதம் வந்த அன்னிக்கே வாங்க" என்று அவளிடமும் கணவன் ஸ்ரீகிருஷ்ணாவிடமும் தெளிவுறச் சொல்லியிருந்தார்.

கடிதம் பத்து நாள் முன்னரே வந்துவிட்டது. அவள் பெயருக்கு வந்த அதனை மாமனார் ராமானுஜம் பிரித்து மகனுக்குக் காட்டினார். உயிரணுதோறும் குரோமோசோம் எனும் நிறப்புரி ஒன்று மிகுந்திருப்பதால், பிறந்தாலும் குழந்தை சில நாளே வாழக்கூடும் என்றிருந்ததைப் படித்த இருவரும், பெருமாள் படத்தின் பின்னே அதை ஒளித்துவைத்து, நாள்தோறும் கேட்டவளிடம் "இன்னும் வரலை" என்று கூசாமல் பொய் சொன்னார்கள். ஆவணி பிறந்த அன்று பூசையறையைத் துடைக்கையில் அது அவள் கையில் சிக்கியது.

"ஆடியில கெட்டதைப் பேசப்படாதேன்னு வச்சுண்டிருந்தேம்மா" என்றார் ராமானுஜம்.

"நாள் தாண்டட்டும்னு வச்சுண்டிருந்தேள், மாமா. கலைச்சிருப்பேனோ, பெத்துண்டிருப்பேனோ, நேக்கே தெரியாது. ஆனா அதை நான்னா சொல்லணும்?"

பழி தம் கையில் ஒட்டலாகாதென்று முடிவை ஒரு திங்களின் தலையில் கட்டி, தம் கோழைத்தனத்துக்கு ஒழுக்கம் என்று பெயரிட்ட அத்தந்தையையும் மகனையும் எண்ணுந்தோறும் எனக்கு வயிறு எரிகிறது. சுமந்தவள் ஒருத்தி, அவளைத் தவிர எல்லாரும் முடிவெடுத்தார்கள்.

மார்கழி இருபதாம் நாள், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கிய சிறு கைகளுடன் பெண்மகவு பிறந்தது. மூச்சு விடக் குழாய் பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்க, ஸ்ரீகிருஷ்ணா வழக்கம்போல் தந்தையின் முகத்தைப் பார்த்தான்.

"என்னைக் கேளுங்கோ, டாக்டர்" என்றாள் சூடாமணி. "குழாய் வேண்டாம். என் மடியிலயே இருக்கட்டும்."

ராமானுஜம் தயங்கித் தயங்கி அருகே வந்தார். "மார்கழி நடக்கறதும்மா. தை பொறந்ததும் பேர் வச்சுத் தொட்டில் போடலாம்."

"இவளுக்குத் தை இல்லை, மாமா" என்றவள், குனிந்து, குழந்தையின் செவியில் "மதுவந்தி" என்று தனக்குப் பிடித்த பண்ணின் பெயரை மும்முறை சொன்னாள்.

மதுவந்தி ஒன்பது நாள் வாழ்ந்தாள். நன்னாள் தேடுவோரே, தேடுங்கள்; ஆயின் எவள் வயிற்றைப் பற்றிய முடிவோ அவளைக் கேளாமல் கழியும் நாள் எதுவும் நன்னாள் அன்று. மயிலையில் வீடுதோறும் பொங்கல் பொங்கத் தை பிறந்தது. ராமானுஜத்தின் வீட்டில் அடுப்பு எரியவில்லை.