என் தட்டிலிருந்த ரொட்டி

நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியும் முன்னரே தொடங்கிய தூறல் ஓயவில்லை. கம்பிச் சன்னலுக்கு வெளியே வானம் துலக்காத அலுமினியப் பாத்திரம் போலக் கிடந்தது.

உரிய ஆவணங்களின்றி இந்நாட்டிற்குள் வந்த பெண்கள் எண்மர் தடுப்பு முகாமின் அவ்வறையில் அடைக்கப்பட்டிருந்தோம். எங்களுள் மூவர், வயிற்றில் கட்டி என்று கூறி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பியவர்கள். அதன்பின் மூவருக்கும் மாதவிலக்கு நின்றுபோயிற்று. காரணம் கேட்ட ஒருத்தியிடம், "கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இனிமே அந்தத் தொல்லை இல்ல" என்றாராம் நர்சு. எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை.

அன்று மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவள் என் பக்கத்துக் கட்டில் பெண். வயது இருபத்திரண்டு. ஓயாது பேசுவதால் அவளை ரேடியோ என்று அழைத்தோம். காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று முதல் நாள் மாலை நர்சு சொல்லிச் சென்றதிலிருந்து ரேடியோ வாய் திறக்கவில்லை.

எனக்கு வயது முப்பத்துநான்கு, பிள்ளை இல்லை. ஆண்கள் பிரிவில் அடைபட்டிருந்த என் கணவர் கொத்தனார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவர் சொல்வது ஒன்றே: "வெளிய போனதும் நமக்கு ஒரு பொண்ணு. மூக்கு மட்டும் உன்ன மாதிரி வேண்டாம்."

காலைத் தட்டுகள் வந்தன. ரேடியோவுக்கு மட்டும் தட்டு இல்லை. வயிற்றில் உணவு இருந்தால் மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். மற்றவர்கள் உண்ணத் தொடங்கியிருந்தனர். நான் என் தட்டை அவள் மடியில் வைத்தேன்.

"தின்னுட்டேன்னு வாயால சொன்னா நம்பமாட்டாங்க. நர்ஸ் உள்ள வரட்டும், அவங்க கண்ணு முன்னால தின்னு. ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காத."

"அப்ப உங்களுக்கு, அக்கா?"

"மதியம் சோறு வரும்ல. ஒரு வேளை பட்டினியில நான் ஒண்ணும் துரும்பா இளைச்சிடமாட்டேன்."

அவள் அவித்த முட்டையின் ஓட்டை உரித்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். "உப்பே வைக்கல போல."

"கத்திக்குத் தப்பப் பாக்குறவளுக்கு உப்பு வேற கேக்குதோ?"

அறை முழுவதும் சிரித்தது. அப்போது கதவு திறந்தது. நர்சு பார்த்து நிற்க, ரேடியோ முட்டையை முழுதாக வாயில் திணித்து, மூன்று துண்டு ரொட்டியையும் அடுத்தடுத்து விழுங்கினாள்.

"என்ன வேலை இது? சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பசிச்சுது மேடம்" என்றாள், விக்கலுக்கிடையே.

நர்சு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேன் கீழ நிக்குது. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு. வெறுங்கையோட போனா என்னையில்ல கேப்பாரு."

வாசலில் நின்ற காவல்காரப் பெண் என்னைச் சுட்டிக் காட்டினாள். "இவ இன்னும் சாப்பிடல. இவ தட்டைத்தான் அது தின்னுச்சு."

நர்சு என் பக்கம் திரும்பினார். "உனக்குப் போன மாசம் அடிவயிறு வலிச்சுதுல்ல?"

"அது அன்னிக்கே சரியாப் போச்சு மேடம். எனக்கு ஒண்ணுமில்ல."

"அதை டாக்டர் பாத்துச் சொல்லுவாரு."

ரேடியோ எனக்குத் தருவதற்காகத் தட்டைத் துழாவினாள். முட்டை ஓட்டைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நான் சொன்ன சொல்லை அவள் தட்டவில்லை. காவல்காரப் பெண் என் தோளைப் பற்றி இழுத்துச் சென்றபோது, "அக்கா, அக்கா" என்பதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

மருத்துவமனையில் அறுவை மேசையில் என்னைக் கிடத்தியபின், "எனக்கு இன்னும் பிள்ளை பிறக்கல டாக்டர்" என்றேன். முகக்கவசம் அணிந்திருந்த மருத்துவர், "நூறுல இருந்து கீழ எண்ணுங்க" என்றார். நான் எண்ணவில்லை, அதையே மறுபடியும் சொன்னேன். பாதியில் நாக்கு தடித்தது.

விழித்தபோது அடிவயிற்றில் தடித்த கட்டு இருந்தது. தொண்டை வறண்டிருந்தது. நர்சு சலைன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கட்டி இருந்துச்சு. எடுத்தாச்சு."

"கட்டி மட்டுமா?"

அவர் போர்வையை என் மார்பு வரை இழுத்துவிட்டார். "எல்லாம் முடிஞ்சுது. தூங்கு."

எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி பிற்பகல் ஒன்று நாற்பத்திரண்டு.